முதன்முதலாக மாடலைப் படமெடுக்கிறீர்களா? பாதுகாப்புக்கும் தொழில் ஒழுக்கத்துக்கும் ஒரு முழு வழிகாட்டி

85 எம்எம் லென்ஸ் வாங்கியாயிற்று, லைட் வைப்பது எப்படி என்று யூடியூபில் பார்த்தாயிற்று. அடுத்தது இன்ஸ்டாகிராமில் ஒரு மாடலுக்கு மெசேஜ் போட்டு, ஞாயிற்றுக்கிழமை காலை பெசன்ட் நகர் கடற்கரைக்கு வரச் சொல்வது. சென்னையில் புதிதாகத் தொடங்கும் பலருடைய வழி இதுதான். அந்த மெசேஜுக்கும் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கும் நடுவில் செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது. அதை யாரும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பதில்லை. இந்த வழிகாட்டி அதற்காகத்தான்.

எல்லாப் படிகளுக்கும் அடிப்படை ஒன்றே. ஷூட் நாளன்று மாடலுக்குப் புதிதாகத் தெரியவரும் விஷயம் எதுவும் இருக்கக் கூடாது. என்ன உடை, எந்த இடம், யார் யார் இருப்பார்கள், எத்தனை மணிக்கு முடியும், படங்கள் எங்கே போகும் என்பதெல்லாம் முன்பே பேசி, எழுத்தில் இருக்க வேண்டும். முன்பின் தெரியாத ஒருவரை நம்பி, தெரியாத இடத்துக்கு வருபவர் மாடல். கேமரா உங்கள் கையில் இருக்கிறது, படங்களும் உங்களிடமே இருக்கப்போகின்றன. அதனால் பொறுப்பும் உங்கள் பக்கம்தான் அதிகம்.

இது புதியவர்களுக்கு மட்டுமான பாடமும் இல்லை. வோக் இதழை நடத்தும் காண்டே நாஸ்ட் நிறுவனமே, மாடல்களின் புகார்கள் வெடித்த பிறகு, 2018 தொடக்கத்தில் ஒரு நடத்தை விதித்தொகுப்பைக் கொண்டுவந்தது. 18 வயது நிரம்பாதவர்கள் மாடலாக வேண்டாம், செட்டில் மது கூடாது, உடல் தெரியும் உடையோ கவர்ச்சியான போஸோ இருந்தால் முன்கூட்டியே சம்மதம் வாங்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. உலகின் பெரிய செட்டுகளுக்கே இவற்றை எழுதிவைக்க வேண்டியிருந்தது என்றால், இரண்டு பேர் மட்டும் நிற்கும் நம்முடைய கடற்கரை ஷூட்டுக்கு இன்னும் எவ்வளவு தேவை என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

படி 1: மெசேஜ் போடும் முன்

உங்களை யாரென்று ஒருவர் தேடிப் பார்க்க முடிய வேண்டும். உண்மையான பெயர், உங்கள் முகம், நீங்கள் எடுத்த 10, 15 படங்கள் என்று ஒரு பக்கம் இருந்தால் போதும். படங்களே இல்லையென்றால் முதலில் நண்பர்களையும் சொந்தக்காரர்களையும் எடுத்துப் பழகுங்கள்.

'ஹாய் டியர், ஷூட் பண்ணலாமா' என்று தொடங்கும் மெசேஜுக்குப் பெரும்பாலும் பதில் வராது, வரவும் கூடாது. இப்படி எழுதிப் பாருங்கள் (கொலாப் என்பது இருவரும் பணம் வாங்காமல் சேர்ந்து செய்யும் ஷூட், மூட்போர்டு என்பது நினைத்திருக்கும் உடை, போஸ்களுக்கான மாதிரிப் படங்களின் தொகுப்பு):

"வணக்கம் மேம். நான் சென்னையில் போர்ட்ரெய்ட் போட்டோகிராஃபி செய்கிறேன், என் பக்கத்தில் படங்கள் இருக்கின்றன. காட்டன் புடவையில், காலை வெளிச்சத்தில் ஒரு கொலாப் ஷூட் செய்ய நினைக்கிறேன். இடம் பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரை, காலை 6 முதல் 8.30 வரை. மேக்கப் ஆர்ட்டிஸ்ட் ஒருவர் உடன் இருப்பார். நீங்களும் யாரையாவது அழைத்து வரலாம். விருப்பமிருந்தால் மூட்போர்டு அனுப்புகிறேன். நான் முன்பு எடுத்த இரண்டு மாடல்களிடம் என்னைப் பற்றி விசாரித்துக்கொள்ளலாம், அவர்களிடம் கேட்டுவிட்டேன்."

கடைசி வாக்கியத்துக்குத்தான் எடை அதிகம். நல்ல மாடல்கள் இதை நீங்கள் சொல்லாமலே செய்வார்கள். நீங்களே சொன்னால் மறைக்க எதுவும் இல்லை என்று அவர்களுக்குத் தெரியும். 'மேம்', 'சார்' போதும். 'செல்லம்', 'பேபி', 'டா', 'டி' எதுவும் வேண்டாம், எத்தனை முறை சேர்ந்து வேலை செய்திருந்தாலும் சரி. பதில் வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள். இரண்டாவது மெசேஜ் தொல்லையாகத் தெரியும், மூன்றாவது பயமுறுத்தும்.

படி 2: வயது

வயதைக் கேட்பதில் கூச்சமே வேண்டாம். ஆதார் அட்டையில் கடைசி 4 எண்கள் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரைக் காட்டச் சொல்லுங்கள். பிறந்த தேதியைப் பார்த்தால் போதும், அதன் படத்தை உங்கள் போனில் சேமித்து வைக்காதீர்கள்.

18 நிரம்பாதவர் என்றால் எல்லாமே மாறிவிடும். இந்திய ஒப்பந்தச் சட்டப்படி மைனர் போட்ட கையெழுத்து செல்லாது. அம்மாவோ அப்பாவோ சம்மதித்துக் கையெழுத்திட வேண்டும், ஷூட் முழுவதும் அங்கேயே இருக்கவும் வேண்டும். வயதுக்கு ஒவ்வாத உடை, போஸ் எதற்கும் அங்கே இடமில்லை. பெற்றோர் சம்மதித்தாலும் இல்லை. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தில் அந்தச் சம்மதம் உங்களைக் காப்பாற்றாது. என்னைக் கேட்டால், முதல் ஒன்றிரண்டு வருடங்களுக்கு 18 வயது நிரம்பியவர்களை மட்டும் எடுங்கள்.

படி 3: பேசித் தீர்க்க வேண்டியவை

பத்து நிமிட வீடியோ கால் போதும். மூட்போர்டில் உள்ள ஒவ்வொரு படத்தையும் காட்டி, "இந்த உடை ஓகேவா? இந்த போஸ் ஓகேவா?" என்று தனித்தனியாகக் கேளுங்கள். 'ஃபேஷன் ஷூட்' என்று மொத்தமாகச் சொன்னால் நீங்கள் ஒன்றை நினைப்பீர்கள், அவர் ஒன்றை நினைப்பார். ஸ்லீவ்லெஸ் சரி, முதுகு தெரியும் ரவிக்கை வேண்டாம், தண்ணீரில் நனைய வேண்டாம் என்று அவர் சொல்வதையெல்லாம் குறித்துவைத்து, பேசி முடித்ததும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். அந்தப் பட்டியலைத் தாண்டி எதையும் செட்டில் கேட்காதீர்கள். "லைட் சூப்பரா இருக்கு, இந்த ஒரு ஷாட் மட்டும்" என்று அந்த இடத்தில் கேட்டால், மறுக்க முடியாமல் தலையாட்டுபவர்கள்தான் அதிகம். அப்படி வாங்குவது சம்மதம் ஆகாது. யோசனை நன்றாக இருந்தால் அடுத்த ஷூட்டுக்கு வைத்துக்கொள்ளலாம்.

துணைக்கு ஆள் வருவதைப் பற்றிச் சிலர் முகம் சுளிக்கிறார்கள், 'மாடல் ஃப்ரீயா இருக்க மாட்டாங்க' என்பார்கள். நான் இதை ஒப்புக்கொள்ளவே மாட்டேன். கூடவே தங்கையோ தோழியோ இருந்தால் மாடலின் தோள் இறங்கும், முகம் தளரும், படத்திலேயே அது தெரியும். அம்மா வந்திருக்கிறார் என்றால், "அம்மா, இந்த நிழல்ல உட்காருங்க, எடுக்கிற படத்தை அப்பப்போ காட்டுறேன்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். துணைக்கு வந்தவரிடம் வெளிச்சத்தைத் திருப்பிவிடும் ரிஃப்ளெக்டர் தட்டைக் கொடுத்துப் பிடிக்கச் சொன்னால் இன்னும் நல்லது.

காசு விஷயத்தையும் அப்போதே பேசிவிடுங்கள். கொலாப் என்றால் இருவரும் பணம் கேட்பதில்லை, மாடலுக்குப் படங்கள் கிடைக்கும். ஆனால் எத்தனை படங்கள், எத்தனை நாளில், ஆட்டோ செலவு யாருடையது, மேக்கப்புக்கு யார் கொடுப்பது என்பதை விட்டுவிட்டால் பின்னால் மனக்கசப்புதான். ஒரு துணிக்கடை விளம்பரத்துக்காக எடுக்கிறீர்கள், உங்களுக்குச் சம்பளம் வருகிறது என்றால் அது கொலாப் கிடையாது. மாடலுக்கும் பணம் கொடுக்க வேண்டும்.

படி 4: எழுத்தில் போடுவது

பலர் குழம்பும் இடம் இது. படத்தின் பதிப்புரிமை யாருக்கு? 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவின்படி, பொதுவாக எடுத்தவருக்கு. ஆனால் ஒருவர் பணம் கொடுத்துத் தனக்காக எடுக்கச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது உரிமை பணம் கொடுத்தவருக்குப் போய்விடும். அதாவது, காசு வாங்கிக்கொண்டு நீங்கள் எடுத்துக்கொடுத்த போர்ட்ஃபோலியோவை, எதுவும் எழுதிக்கொள்ளாவிட்டால், உங்கள் இன்ஸ்டா பக்கத்தில் போடவே அவரிடம் கேட்க வேண்டியிருக்கும்.

பதிப்புரிமை உங்களிடமே இருந்தாலும், அவர் முகத்தை வைத்து ஒரு கடைக்கு விளம்பரம் செய்ய அது மட்டும் போதாது. அதற்கு மாடல் ரிலீஸ் வேண்டும், அதாவது தன் படத்தைப் பயன்படுத்த மாடல் கையெழுத்திட்டுத் தரும் அனுமதித் தாள். ஷட்டர்ஸ்டாக், அடோபி ஸ்டாக் போன்ற படம் விற்கும் தளங்கள், முகம் அடையாளம் தெரியும் படங்களை ரிலீஸ் இல்லாமல் வணிகப் பயன்பாட்டுக்கு வாங்கிக்கொள்வதே இல்லை.

ஒரு பக்கத் தாள் போதும். இருவரின் பெயர், தேதி, இடம், படங்கள் பயன்படும் இடங்கள் (இன்ஸ்டாகிராம், போர்ட்ஃபோலியோ, போட்டிகள், விளம்பரம் என்று தனித்தனியாக, ஒவ்வொன்றுக்கும் ஆம் அல்லது இல்லை), மூன்றாவது ஆளுக்கு விற்கலாமா, எடிட்டிங் எதுவரை போகலாம். இந்தக் காலத்தில் இன்னொரு வரியும் சேருங்கள்: மாடலின் முகத்தையோ உடலையோ ஏஐ கருவிகளில் கொடுத்துப் புதுப் படம் உருவாக்க மாட்டேன் என்று. தாள் தமிழில் இருக்கட்டும், அல்லது அவருக்கு எந்த மொழி சரளமோ அதில். ஷூட்டுக்கு முந்தைய நாளே அனுப்பிவிடுங்கள். மேக்கப் போட்டு, வெயிலில் நிற்கும்போது நீட்டினால் யாரும் படித்துப் பார்த்துக் கையெழுத்திட மாட்டார்கள்.

படி 5: இடம்

மாடலை வரச் சொல்லும் முன், அதே நேரத்தில், நீங்கள் ஒருமுறை போய்ப் பாருங்கள். காலை 6 மணிக்கு ஆள் நடமாட்டம் உண்டா? கழிப்பறை எங்கே? ஆட்டோ கிடைக்குமா? போன் சிக்னல் இருக்கிறதா?

பெசன்ட் நகருக்குப் பக்கத்தில், அடையாறு முகத்துவாரத்தில் உள்ள உடைந்த பாலம் படங்களில் அழகாக வரும். புதியவர்களுக்கு அதன்மேல் ஒரு மோகம் உண்டு. ஆனால் ஒதுக்குப்புறமான இடம், பாலம் பாதியில் அறுந்து நிற்கிறது, கீழே ஆறு கடலில் சேரும் இழுப்பு. மாடலைப் பழகாத ஹீல்ஸோடு அங்கே ஓரத்தில் நிற்கவைக்க எந்தப் படமும் தகுதியானதில்லை. முதல் ஷூட்டுகளுக்கு, நாலு பேர் நடைப்பயிற்சி போகும் எலியட்ஸ் கடற்கரையே நல்லது.

ரயில் தண்டவாளம் வேண்டவே வேண்டாம். 1989-ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம் 147-ஆம் பிரிவில், அத்துமீறி நுழைந்தால் 6 மாதம் வரை சிறையோ 1,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. அதைவிடப் பெரிய விஷயம், மின்சார ரயில் வரும் சத்தம் நீங்கள் நினைப்பதைவிடத் தாமதமாகத்தான் காதில் விழும்.

கடலில் இறக்குவதாக இருந்தால் முழங்காலுக்கு மேல் தண்ணீர் வேண்டாம். நனைந்த புடவை எவ்வளவு கனக்கும், அலை திரும்பும்போது காலைச் சுற்றி எப்படி இழுக்கும் என்பது கட்டியிருப்பவருக்குத்தான் தெரியும். நீங்கள் கேமராவில் கண் வைத்திருப்பீர்கள், மாடல் உங்களைப் பார்த்து நிற்பார், இருவருக்கும் அவர் முதுகுக்குப் பின்னால் வரும் அலை தெரியாது. கடலை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க ஓர் ஆள் தனியாக வேண்டும். பாசி பிடித்த பாறைகளில் ஏறச் சொல்லாதீர்கள்.

மாமல்லபுரம் போன்ற தொல்லியல் துறை நினைவுச்சின்னங்களில் ட்ரைபாட், லைட் வைத்து எடுக்க முன் அனுமதி வேண்டும். பூங்கா, மெட்ரோ நிலையம், தனியார் வளாகம் எங்கும் கேட்டுவிட்டே போங்கள். செக்யூரிட்டி விரட்டும்போது மேக்கப்போடு நிற்கும் மாடல்தான் எல்லார் பார்வையிலும் படுவார்.

உடை மாற்றும் இடம்தான் வெளிப்புற ஷூட்டுகளில் அதிகம் கவனிக்காமல் விடப்படுவது. 'கார்ல மாத்திக்கோங்க' என்பது பதில் இல்லை. மடக்கி எடுத்துப்போகும் துணிக்கூடாரம் ஆன்லைனில் கிடைக்கிறது, வாங்கிவையுங்கள். இல்லையென்றால் அருகில் உள்ள ஹோட்டலிலோ தெரிந்தவர் வீட்டிலோ ஏற்பாடு செய்யுங்கள். மாடல் மாற்றும்போது நீங்கள் அந்தப் பக்கமே இருக்காதீர்கள், கேமராவையும் போனையும் அங்கே வைத்துவிட்டும் வராதீர்கள்.

ஸ்டுடியோ என்றால் வாடகை ஸ்டுடியோ, முகவரியை முன்பே மாடலுக்கு அனுப்பியிருக்க வேண்டும். உங்கள் வீட்டு மாடி அறை, லாட்ஜ் ரூம் எதுவும் முதல் சந்திப்புக்கு ஏற்றதல்ல. ஷூட் நடக்கும்போது கதவைத் தாழிடாதீர்கள்.

படி 6: கருவிகள்

கடற்கரையில் ஸ்டாண்டில் சாஃப்ட்பாக்ஸ் (வெளிச்சத்தை மென்மையாக்க லைட்டில் மாட்டும் துணிப்பெட்டி) மாட்டினால் அது பாய்மரம்போலக் காற்றை வாங்கும். ஒரு வீச்சில் லைட்டோடு மாடல் மேல் சாயும். 5 கிலோ மணல்பையாவது ஸ்டாண்டின் கால்களில் தொங்க வேண்டும். கடற்கரையில் மணலுக்கா பஞ்சம், காலிப் பையைக் கொண்டுபோய் அங்கேயே நிரப்பிக்கொள்ளலாம். காற்று அதிகம் என்றால் சாஃப்ட்பாக்ஸைக் கழற்றிவிட்டு ரிஃப்ளெக்டருக்கு மாறிவிடுங்கள்.

ஸ்டுடியோவில் வயர்களைத் தரையோடு டேப் ஒட்டிவிடுங்கள். பாவாடை தழையத் தழைய நடப்பவருக்குக் கீழே கிடக்கும் வயர் தெரியாது. ஃப்ளாஷ் வெளிச்சத்தால் வலிப்பு, ஒற்றைத் தலைவலி வரும் பழக்கம் உண்டா என்று முன்கூட்டியே கேளுங்கள். மேக்கப் பொருட்களில் அலர்ஜி உண்டா என்பதையும்தான். ஒருவருக்குப் போட்ட கண்மையையும் லிப்ஸ்டிக்கையும் அப்படியே அடுத்தவருக்குப் போட விடாதீர்கள்.

நெருப்பைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கார்த்திகை தீபம், தீபாவளி நேரத்தில் அகல்விளக்கு வரிசைக்கு நடுவில் மாடலை உட்காரவைப்பது வழக்கம். செயற்கை இழையில் நெய்த ஜார்ஜெட், ஷிஃபான் போன்ற துணிகள் பற்றினால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். காட்டன் புடவையைத் தேர்ந்தெடுங்கள், முந்தானையைப் பின் குத்தி அடக்குங்கள், தலைமுடியில் ஸ்ப்ரே அடித்திருந்தால் விளக்கைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள். ஒரு வாளித் தண்ணீரும் கனமான பருத்திப் போர்வையும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். வண்ணப்பொடி தூவி எடுப்பதும் அதே கவனத்தைக் கேட்கிறது. 2015 ஜூனில் தைவானில் ஒரு நீர்ப்பூங்கா நிகழ்ச்சியில் காற்றில் பறந்த வண்ணச் சோளமாவு தீப்பற்றி, நூற்றுக்கணக்கானோர் கருகினார்கள், பலர் இறந்தார்கள். மூடிய அறையில் பொடி தூவாதீர்கள், பக்கத்தில் விளக்கோ சூடான பல்போ வேண்டாம்.

படி 7: ஷூட் நடக்கும்போது

தொடாதீர்கள். முடி கண்ணில் விழுந்திருந்தால், "மேம், இடது பக்கம் ஒரு முடி, கொஞ்சம் ஒதுக்கிக்கிறீங்களா" என்று சொல்லுங்கள். போஸை நீங்களே செய்து காட்டுங்கள். நீங்கள் கையை இடுப்பில் வைத்துக்காட்டினால் அவர் கண்ணாடியில் பார்ப்பதுபோல் செய்துவிடுவார். மடிப்பு கலைந்திருந்தால் மேக்கப் ஆர்ட்டிஸ்டையோ துணைக்கு வந்தவரையோ சரிசெய்யச் சொல்லுங்கள். யாருமே இல்லாமல் நீங்கள்தான் நகையைத் திருப்ப வேண்டும் என்றால், கேட்டு, வாயால் சரி என்று சொன்ன பிறகு மட்டும்.

பேச்சும் அப்படித்தான். "இந்த வெளிச்சம் முகத்துல அழகா விழுது", "அந்தத் திரும்பல் நல்லா வந்திருக்கு" என்று படத்தைப் பற்றிப் பாராட்டுங்கள். உடம்பைப் பற்றி, எடையைப் பற்றி, நிறத்தைப் பற்றி நல்லதாகக்கூட ஒரு வார்த்தை வேண்டாம்.

பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேமரா திரையைக் காட்டுங்கள். துணி விலகிய படம் வந்துவிட்டால் அவர் முன்னாலேயே அழித்துவிடுங்கள். மே மாத வெயிலில் காலை 8.30-க்கு மேல் யாரையும் நிற்கவைக்காதீர்கள். தண்ணீர், எலுமிச்சை ஜூஸ், ஏதாவது சாப்பிட, ஒரு குடை இவை பட்ஜெட்டிலேயே சேரட்டும். சொன்ன நேரத்துக்கு முடியுங்கள்.

அசிஸ்டெண்ட் போனில் மேக்கிங் வீடியோ எடுப்பதும் சம்மதத்துக்குள் வரும். கேட்காமல் எடுத்து ஸ்டோரியில் போட்டால் ஷூட் நடக்கும் இடம் ஊருக்கே தெரிந்துவிடும். வேடிக்கை பார்ப்பவர்கள் போனைத் தூக்கினால், போய்த் தணிவாக நிறுத்தச் சொல்வது உங்கள் வேலை. கேட்காவிட்டால் இடத்தை மாற்றுங்கள்.

குரூப் ஷூட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆளுக்கு ஒரு தொகை கட்டி, இருபது போட்டோகிராஃபர்கள் சுற்றி நின்று ஒரே மாடலை எடுக்கும் நிகழ்ச்சிகளில்தான் பலர் முதன்முதலாக மாடலைப் பார்க்கிறார்கள். இருபது கேமராவில் ஒன்று தாழ்வான கோணத்தில் எங்கே ஜூம் செய்கிறது என்பது மாடலுக்குத் தெரியாது. பணம் கட்டியதால் அவர்மேல் உங்களுக்கு உரிமை வந்துவிடாது. முறை வரும்வரை காத்திருங்கள், கோணம் தவறாகப் போகிறவரைப் பார்த்தால் அமைப்பாளரிடம் அங்கேயே சொல்லுங்கள். அன்று இரவே மாடலுக்குத் தனியாக மெசேஜ் போடாதீர்கள்.

படி 8: உங்கள் பாதுகாப்பு

போலி புக்கிங் போட்டு ஆளில்லாத இடத்துக்கு வரவழைத்து கேமராவைப் பறிப்பதும் நடக்கக்கூடியதுதான். புது வாடிக்கையாளர் என்றால் முன்பணம் வாங்குங்கள், ஒருமுறை வீடியோவில் பேசுங்கள், லைவ் லொகேஷனை வீட்டில் ஒருவருக்கு அனுப்பிவிட்டுப் போங்கள். பெண் போட்டோகிராஃபர்களுக்கு இது இன்னும் அவசியம், ஆண் மாடலை எடுக்கும்போது துணைக்கு ஆள் வைத்துக்கொள்ளும் உரிமை அவர்களுக்கும் உண்டு. அவசரத்துக்கு 112, பெண்களுக்கான உதவி எண் 181. கேமரா, லென்ஸ்களின் சீரியல் எண்களைக் குறித்துவையுங்கள். பேசியதெல்லாம் எழுத்தில் இருந்தால், உங்கள்மேல் பொய்ப் புகார் வந்தாலும் காட்டுவதற்குக் கையில் ஏதாவது இருக்கும்.

படி 9: ஷூட்டுக்குப் பிறகு

வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாரா என்று ஒரு மெசேஜ் போதும். அதன்பின் வேலை பற்றி மட்டும் பேசுங்கள்.

படங்களைப் பாஸ்வேர்டு உள்ள டிஸ்கில் வையுங்கள். எடிட் செய்யாத படங்களை நண்பர்கள் வாட்ஸ்அப் குழுவில் காட்டாதீர்கள். எடிட்டிங்கில் நம் ஊருக்கென்றே ஒரு கெட்ட பழக்கம் இருக்கிறது: கேட்காமலே மாடலின் நிறத்தை இரண்டு படி வெளுப்பாக்கிவிடுவது. மாநிறத்தின் மேல் காலை வெயில் விழும்போது கன்னத்தில் வரும் செம்பழுப்பு மினுக்கத்தை எடுக்கத்தான் அவ்வளவு சீக்கிரம் எழுந்து போனீர்கள், அதை ஸ்லைடரால் துடைத்துவிடாதீர்கள். பருவை எடுக்கலாம், அடுத்த வாரம் போய்விடும். மச்சம், தழும்பு, இடுப்பு அளவு எதையும் கேட்காமல் மாற்றக் கூடாது.

தேர்ந்தெடுத்த படங்களை முதலில் மாடலுக்கு அனுப்பி, வேண்டாம் என்பவற்றை நீக்கிவிட்டுப் பிறகு பதிவிடுங்கள். அவர் பக்கத்தை டேக் செய்யலாமா என்று கேளுங்கள். கமெண்டில் அசிங்கமாக எழுதுபவர்களை நீக்குவது உங்கள் பொறுப்பு.

சட்டமும் இங்கே தெளிவாக இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆம் பிரிவு, பெண்ணின் அந்தரங்கத் தருணத்தைப் படமெடுப்பதையும் பரப்புவதையும் குற்றமாக்குகிறது. எடுக்கச் சம்மதித்திருந்தாலும் பரப்பச் சம்மதிக்கவில்லை என்றால், பரப்புவது குற்றமே. முதல் முறைக்கே 1 முதல் 3 ஆண்டு வரை சிறை.

சில மாதங்கள் கழித்து, "கல்யாணம் நிச்சயமாயிருக்கு, அந்தப் படங்களை எடுத்துட முடியுமா சார்?" என்று மெசேஜ் வரலாம். ரிலீஸில் கையெழுத்து இருக்கிறதே என்று வாதாடாதீர்கள். உங்கள் பக்கத்திலிருந்து அன்றைக்கே நீக்கிவிடுங்கள். விளம்பரத்துக்குக் கொடுத்த படமென்றால், வாங்கியவரிடம் பேசிப் பார்த்து, என்ன முடியும் என்ன முடியாது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். வேறு யாராவது அந்தப் படங்களைத் திருடியோ திரித்தோ போட்டிருந்தால், சைபர் குற்றப் பிரிவின் இணையதளத்தில் புகார் கொடுக்கும் வழியைச் சொல்லிக்கொடுங்கள், பணம் கேட்டு மிரட்டிப் பறித்தால் 1930-க்கு உடனே அழைக்கச் சொல்லுங்கள். அசல் கோப்பும் எடுத்த தேதியும் உங்களிடம் இருக்கும், புகாருக்கு அவை ஆதாரமாகும் என்பதால் அவர் கேட்கும் முன்பே அனுப்பிவையுங்கள்.